அளமும் தடமும்

நெடுந்தொலைவு ஓட்டம் என்று தடகளத்தில் சொல்லப்படுவது, 400 மீட்டர் தடத்தைப் பன்னிரண்டரை முறை சுற்றும் 5,000 மீட்டரும், இருபத்தைந்து முறை சுற்றும் 10,000 மீட்டரும், தடத்தை விட்டுச் சாலைக்கு வந்தால் 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானும், 42.195 கிலோமீட்டர் மாரத்தானும் ஆகும். வயல்வெளியிலும் மேடுபள்ளத்திலும் ஓடப்படும் கிராஸ் கன்ட்ரியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. உடல்நலத்துக்காக அல்லாமல் போட்டிக்காக இவற்றை ஓடுகிறவர், பிழைப்பையும் படிப்பையும் கைவிடாமல் எப்படி ஓடுவது என்பதைப் பற்றி எழுதப்படுகிறவை பெரும்பாலும் 24 மணி நேரத்தைப் பங்கிடும் கேள்வியில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன. வேலை என்பது நாற்காலியில் நடப்பது, ஓட்டம் என்பது கால்களில் நடப்பது, ஆகவே நேரம் கிடைத்தால் போதும் என்ற எண்ணம் அவற்றின் அடியில் இருக்கிறது. மரக்காணம் உப்பளக் கரையில் அந்த எண்ணம் செல்லாது, ஏனென்றால் அங்கே வேலையும் கால்களாலேயே செய்யப்படுகிறது. பன்னிரண்டு பருவங்கள் அளத்தில் கூலிக்கு நின்றவரும், அதே ஆண்டுகளில் முதலில் கல்லூரியிலும் பிறகு தொலைநிலைக் கல்வியிலும் படித்தவரும், 5,000, 10,000 மீட்டர்களில் மாவட்ட, பல்கலைக்கழக அளவில் போட்டியிட்டவருமான ஒருவர் எழுதும் இந்தக் கட்டுரை, ஒரே கால்களை வேலைக்கும் ஓட்டத்துக்கும் பங்கிடும் கணக்கைப் பற்றியது.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வடக்கே, விழுப்புரம் மாவட்டத்தின் கடல்முகமாக மரக்காணம் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஊரை ஒட்டி பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. தெற்கே, பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தமிழகத்தின் பெரிய உவர்நீர்ப் பரப்பான கழுவெளி விரிகிறது, அதை 2021இல் அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. இவற்றின் நடுவில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளங்கள். தூத்துக்குடி அளவுக்குப் பெரிதில்லை, வேதாரண்யம் அளவுக்கு வரலாற்றுப் புகழும் இல்லை; ஆனால் சுற்றியுள்ள ஊர்களில் ஆண்டின் முக்கால் பகுதிக்குக் கூலி கொடுப்பது இந்த அளங்களே.

உப்பின் ஆண்டைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கரையில் ஓட்டத்தின் ஆண்டைப் பேச முடியாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பொங்கலை ஒட்டி வேலை தொடங்கும். பாத்திகளில் நின்ற மழைநீரை இறைத்து, மேலே படிந்த சேற்றை வழித்தெடுத்து, வரப்பு கட்டி, அதன்பின் பாத்தியின் தரையை மிதிப்பார்கள். உவர்நீரை முதல் பாத்திகளில் நிறுத்தி, வெயிலிலும் காற்றிலும் சுண்டவிட்டு, பாத்தி பாத்தியாகக் கடத்துவது அடுத்த கட்டம். நீரின் அடர்த்தியைச் சொல்லும் பாமே மானியில், கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி காட்டும். 25ஐத் தொடும்போது உப்பு படியத் தொடங்கும். 30ஐ நெருங்கவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசப்பேறும் என்பதால் அந்த நீரை வடித்துவிடவேண்டும். படிந்த உப்பை நீண்ட கழியில் பொருத்திய வாருபலகையால் வரப்போரம் இழுத்துக் குவிப்பார்கள். அதைப் பெண்கள் சும்மாடு வைத்துக் கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் உப்பு நன்றாக இறங்கும். செப்டம்பர் கடந்து வானம் மூடத் தொடங்கினால் அம்பாரங்களைக் கீற்று போட்டு மூடிவிட்டு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை அளக்காரர்கள் வேறு வேலை தேடிப் போவார்கள், அல்லது வேலையில்லாமல் இருப்பார்கள்.

மிதிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் ஓட்டக்காரரின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஆட்கள் வெறுங்காலோடு வரிசையாக நின்று, ஒருவர் விட்ட இடத்தை அடுத்தவர் தொடும்படி, அரையடி அரையடியாக நகர்ந்து, ஈரக் களிமண்ணைக் குதிகாலால் அழுத்தி இறுக்கிக்கொண்டே போவார்கள். ஒரு பாத்தியை ஒரு முறை மிதித்தால் போதாது, காயவிட்டு மறுபடியும் மிதிக்கவேண்டும். தரை இறுகாவிட்டால் சுண்டிய நீர் கீழே இறங்கிவிடும், வாரும்போது உப்போடு மண்ணும் வரும். பார்ப்பவருக்கு மெதுவான வேலையாகத் தெரியும். காலைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் சேறு அதைப் பிடித்து இழுக்கிறது. கணுக்கால் லேசாகத் திரும்புகிறது. கெண்டைச் சதையின் அடியில் தட்டையாகக் கிடக்கும் சோலியஸ் என்ற தசை ஓய்வே இல்லாமல் இழுபடுகிறது. நெடுந்தொலைவு ஓட்டத்தில் உடலை முன்னுக்குத் தள்ளுவதில் பெரும்பங்கு வகிக்கும் தசையும் அதுவே.

இனி மற்ற இரண்டு நாட்காட்டிகளை இதன்மேல் வைத்துப் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டில் சாலை ஓட்டங்களுக்கும் கிராஸ் கன்ட்ரிக்கும் ஏற்ற குளிர்ந்த வாரங்கள் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான். சென்னையில் மாரத்தான் ஜனவரியில் நடக்கிறது, பொங்கல் விளையாட்டுப் போட்டிகளில் ஊருக்கு ஊர் மினி மாரத்தான் வைத்து எவர்சில்வர் அண்டாவோ ரொக்கமோ பரிசாகக் கொடுப்பதும் அப்போதே. பாத்தி மிதிக்கும் வாரங்களும் அவையே. பல்கலைக்கழகப் பருவத் தேர்வுகள் ஏப்ரலிலும் நவம்பரிலும் வருகின்றன. ஏப்ரலில் அளம் உச்சத்தில் இருக்கும், நவம்பரில் கூலி இருக்காது. ஆக, வேலை குறைந்த மூன்று மாதங்கள் மழையில் கரைகின்றன, ஓடுவதற்கு நல்ல மாதங்கள் சேற்றில் போகின்றன, படிக்கவேண்டிய மாதங்கள் வெயிலில் காய்கின்றன. நகரத்து ஓட்டக்காரர் ஒரு நாளைப் பிரித்துக்கொள்கிறார். அளத்து ஓட்டக்காரர் ஆண்டைப் பிரித்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. இந்த வேறுபாடு இதை எழுதுபவருக்குப் பிடிபட நான்கு பருவங்கள் ஆயின.

முதல் மூன்று பருவங்களில் அவர் செய்தது எல்லாரும் செய்கிற தவறு. தடகளத்தில் நல்ல அனுபவமுள்ள ஒரு பயிற்சியாளர் கல்லூரி மாணவர்களுக்கென்று எழுதிக் கொடுத்த அட்டவணை ஒன்று அவர் கைக்கு வந்தது: வாரம் 90 கிலோமீட்டர், செவ்வாயன்று இன்டர்வெல், அதாவது குறிப்பிட்ட தொலைவை வேகமாக ஓடி, சற்று ஓய்ந்து, மீண்டும் ஓடுவது, வியாழனன்று டெம்போ, அதாவது மூச்சு திணறுவதற்கு ஒரு படி கீழே நின்று தொடர்ந்து ஓடுவது, ஞாயிறன்று நீண்ட ஓட்டம், மற்ற நாட்களில் மெதுவான ஓட்டம். அட்டவணையில் தவறு ஏதும் இல்லை. அதில் வெறுமையாக விடப்பட்டிருந்த மணிநேரங்களை எழுதியவர் ஓய்வு என்று நினைத்திருந்தார், பின்பற்றியவர் அந்த மணிநேரங்களில் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில் இடது காலில் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்விளிம்பில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓரிடத்தில் வலி நிலைத்தது. முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அழுத்த முறிவு எனப்படும் மயிரிழை விரிசல், ஒரே அடியில் உண்டாகாமல் சிறு சுமைகள் ஆயிரக்கணக்கில் விழுந்து உண்டாவது, தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதை அவர் பிறகே தெரிந்துகொண்டார். எட்டு வாரம் ஓட்டமும் இல்லை, அளமும் இல்லை. ஓட்டம் போனது வருத்தம். கூலி போனது வீட்டுக்குள் பேச்சானது. அந்த நாட்களில் அளத்து மேஸ்திரி பார்க்க வந்து, கட்டிலில் நீட்டியிருந்த காலைப் பார்த்தபடி சொன்னது இது: "காலு ரெண்டுதான் தம்பி இருக்குது. அளத்துக்கு ஒண்ணு, ஓட்டத்துக்கு ஒண்ணுன்னு பிரிச்சா குடுக்க முடியும்?"

மேஸ்திரி சொன்னதை எண்ணாக மாற்றும் வழி ஒன்று உடற்பயிற்சி அறிவியலில் ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் பரவலாக்கிய அந்த முறைப்படி, ஒரு பயிற்சி முடிந்தபின், அது எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் இட்டு, அதைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்கவேண்டும். கிடைப்பது அந்தப் பயிற்சியின் சுமை. இதயத்துடிப்பை அளக்கும் கடிகாரமோ ரத்தப் பரிசோதனையோ தேவையில்லை; பள்ளி நோட்டும் பென்சிலும் போதும். ஃபாஸ்டர் இதை விளையாட்டு வீரர்களின் பயிற்சிக்கென்று வகுத்தார். அளத்து வேலைக்கும் அதையே போட்டுப் பார்ப்பதில் ஆய்வுக்கூடக் கறார் இல்லை என்பது உண்மை, ஆனால் காட்டும் திசையில் ஐயமில்லை. நான்கு மணி நேர மிதிப்பு 240 நிமிடம். கடினம் 5 என்று வைத்தால் 1,200. மாலையில் 50 நிமிட மெதுவான ஓட்டம், கடினம் 3, ஆக 150. மூச்சு வாங்கும் இன்டர்வெல் பயிற்சியே ஒரு மணி நேரத்துக்கு 8 மதிப்பெண் வைத்தாலும் 480தான். ஆறு நாள் மிதிப்பு 7,200; வாரத்தின் எல்லா ஓட்டங்களையும் கூட்டினால் ஏறத்தாழ 1,400. பயிற்சி என்ற பெயரில் இரவெல்லாம் யோசித்துத் திட்டமிட்டதெல்லாம் அந்த வாரச் சுமையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஓட்டத்தை வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்று ஓட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் விதியின்படி அவர் 140 அலகைக் கூட்டலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தார். மேஸ்திரி ஒரு நாள் ஒரு மணி நேரம் கூடுதலாக நிறுத்தினால் 300 அலகு கேட்காமலே ஏறிவிடுகிறது.

அந்த நோட்டில் அதன்பின் இரண்டு பத்திகள் இருந்தன, இடப்பக்கம் அளம், வலப்பக்கம் ஓட்டம், கீழே ஒரே கூட்டுத்தொகை. மிதிப்பு வாரங்களில் ஓட்டம் நான்கு நாளாகச் சுருங்கியது. தசைவலிமைக்கென்று தனியாகச் செய்துவந்த உட்கார்ந்து எழும் பயிற்சியும் மேடேறும் பயிற்சியும் முழுதாக நீங்கின, சேறு அவற்றைக் கூலி கொடுத்தே செய்யவைத்தது. மிதிப்பால் கிடைக்காத ஒன்றை மட்டும் விடக்கூடாது என்பது அனுபவத்தில் தெரிந்தது: கால்களின் விரைந்த சுழற்சி. சேற்றில் மெதுவாக நகர்ந்து பழகிய கால் சாலைக்கு வந்ததும் கனக்கும். அதற்கு வாரத்தில் இரண்டு முறை, நல்ல தரையில், 100 மீட்டர் அளவுக்குச் சிரமமில்லாத வேகத்தில் ஆறேழு முறை ஓடினால் போதும்.

வேலையோடு ஓடியவர்களின் கதைகள் உலகத்தில் நிறைய உண்டு, அவற்றைப் படிக்கும்போது வேலை எந்த வகை என்பதைக் கவனிக்கவேண்டும். 1954 மே 6இல் ஒரு மைலை முதன்முதலாக நான்கு நிமிடத்துக்குள் 3:59.4இல் ஓடிய ரோஜர் பேனிஸ்டர் மருத்துவ மாணவர். லண்டனில் மதிய உணவு இடைவேளையில் வேகமாக ஓடிவிட்டு மருத்துவமனைக்குத் திரும்பியவர். இங்கிலாந்தின் ரான் ஹில், துணி வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் ஓடியே போய்வந்து 1970இல் பாஸ்டன் மாரத்தானை 2:10:30இல் வென்றார். ஜப்பானின் யூகி கவாவுச்சி, சைதாமா மாகாண அரசின் பள்ளி ஊழியராக முழுநேரம் வேலை பார்த்தபடி, நிறுவனங்கள் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஓட்டக்காரர்கள் ஒரு நாளைக்கு இரண்டு முறை பயிற்சி செய்கையில் தான் ஒரே முறை ஓடி, வார இறுதிப் போட்டிகளையே பயிற்சியாக்கி, 2018 பாஸ்டன் மாரத்தானைக் கொட்டும் குளிர்மழையில் 2:15:58இல் வென்றார். மூவரும் மேசையிலோ ஆய்வுக்கூடத்திலோ வேலை பார்த்தவர்கள். அளத்துக்கு நெருக்கமானவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட்; காலணி ஆலையில் வேலை, அதோடு வீடு வீடாகப் பால் போடும் வேலை, இவற்றுக்கிடையில் தன் உடலையே சோதனைக்களமாக்கி நீண்ட தொலைவுப் பயிற்சி முறையை உருவாக்கினார்; அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல்லும் மர்ரி ஹால்பெர்க்கும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்கள். கவாவுச்சியிடம் கடன் வாங்கத் தக்கது ஒன்று உண்டு: நாளுக்கு ஒரு பயிற்சிதான் முடியுமென்றால், அதற்காக வெட்கப்படாமல் அந்த ஒன்றை ஒழுங்காகச் செய்வது.

ரான் ஹில்லின் வழியை இதை எழுதுபவர் பேருந்தில் கடைப்பிடித்தார். அரசு கலைக் கல்லூரிகளில் காலை, பிற்பகல் என்று இரண்டு சுழற்சிகள் நடந்த காலம் அது. பிற்பகல் சுழற்சியில் வேதியியல் இளங்கலைக்கு இடம் கிடைத்ததால், விடியுமுன் அளத்துக்குப் போய், ஒன்பதரைக்குக் கரையேறி, குளித்து, ஒரு மணி நேரம் கண்ணயர்ந்து, நண்பகல் பேருந்தைப் பிடிக்க முடிந்தது. மாலையில் திரும்பும்போது ஊருக்கு 8 கிலோமீட்டர் முன்பே இறங்கி மீதியை ஓடுவார். புத்தகப்பை ஓடவிடாது என்பதால் அதைப் பேருந்திலேயே விட்டுவிட, நடத்துநர் மரக்காணம் நிறுத்தத்தில் தேநீர்க் கடைப் பலகையில் வைத்துவிட்டுப் போவார். "இன்னாப்பா, முழு டிக்கெட் எடுத்துட்டுப் பாதியில எறங்குற?" என்று முதல் வாரம் கேட்டவர், அடுத்த மாதம் முதல் இறங்கும் இடம் வந்ததும் தானே விசில் கொடுக்கத் தொடங்கினார். மூன்று ஆண்டுகளில் அந்தப் பை ஒரே ஒரு நாள் புதுச்சேரிவரை போய்த் திரும்பியது. அதில் செய்முறைப் பதிவேடு இருந்தது.

படிப்பில் அடிபட்டது வருகைப்பதிவு. 75 சதவீதம் வராதவர் தேர்வெழுத அபராதக் கட்டணம் கட்டவேண்டும் என்பது விதி. போட்டிக்குப் போன நாட்களையும் வருகையாகக் கணக்கிடலாம், ஆனால் அதற்கான கடிதம் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகவேண்டும் என்பதைப் படித்துக் கண்டுபிடிக்கவே ஒரு பருவம் போயிற்று. இரண்டாவது தடை எதிர்பாராதது. காலை முழுதும் வெள்ளை உப்பின்மேல் தெறிக்கும் வெயிலைப் பார்த்த கண், இரவில் விளக்கொளியில் அரைமணி நேரம் படித்தாலே நீர் கோத்துத் தலைவலியில் முடியும். அளத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டால் கேலி செய்வார்கள். கேலியைச் சகித்துக் கண்ணாடி போட்டதும், படிப்பைப் பேருந்துப் பயணத்துக்கும் மழைமாதங்களுக்கும் மாற்றியதும்தான் வழியாயின. அக்டோபர் முதல் டிசம்பர் வரை முழுப் பாடத்தையும் ஒருமுறை முடித்துவிட்டு, ஏப்ரல் தேர்வுக்குத் திருப்பிப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்வது என்ற ஏற்பாடு பிற்பாடு தொலைநிலையில் முதுகலை படித்தபோதும் கைகொடுத்தது. வேலை, ஓட்டம், படிப்பு ஆகிய மூன்றில் எது நெருக்கினாலும் முதலில் களவாடப்படுவது தூக்கம். தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கீழே போகும் வாரத்தில் ஓட்டத்தைக் குறைக்கவேண்டும், தூக்கத்தை அல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் இளம் ஓட்டக்காரர்கள் கேட்பதில்லை, இதை எழுதுபவரும் கேட்டதில்லை.

வெயில் இந்தக் கரையின் ஓட்டக்காரருக்கு ஒரே நேரத்தில் கொடையும் கெடுதியும். வெப்பத்தில் தொடர்ந்து பத்து, பதினான்கு நாள் உழைக்கும் உடலில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது, வியர்வை முன்னதாகவும் மிகுதியாகவும் வருகிறது, அதே வேகத்துக்கு இதயம் குறைவாகத் துடிக்கிறது. இதை வெப்பப் பழக்கம் என்பார்கள், குளிர்நாட்டு வீரர்கள் இதற்காகச் செலவு செய்து முகாம் போடுகிறார்கள். அளக்காரருக்கு அது ஏப்ரல் மாதத்துக் கூலியோடு வந்துவிடுகிறது. ஆனால் வியர்வையில் போகும் நீரும் சோடியமும் திரும்பாவிட்டால் அந்தப் பழக்கம் உதவாது, சிறுநீரகமும் தளரும். உப்பிலேயே நிற்கிறவருக்கு உப்புக் குறையுமா என்று அளத்தில் வேடிக்கையாகக் கேட்பார்கள். தோலில் ஒட்டிய உப்பு உடலுக்குள் போவதில்லை. வெறுந்தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பதும் தவறு, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைசுற்றும், மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்ற வீட்டுக் கரைசலை மருத்துவத் துறையே பரிந்துரைக்கிறது. தூக்குவாளியில் கொண்டுபோகும் பழைய சோற்று நீராகாரத்தில் உப்பும் மோரும் கலந்தால் ஏறத்தாழ அதே வேலையைச் செய்கிறது, விலையும் இல்லை.

பாதம் தனி அத்தியாயம். சுண்டிய நீரில் நின்று குதிகாலில் பிளந்த வெடிப்புக்குள் உப்பு புகுந்தால் எரிச்சல் மாலைவரை இருக்கும். அந்தக் காலை ஷூவுக்குள் திணித்து ஓடினால் காலுறை ரத்தத்தோடு கழன்றுவரும். அளத்திலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, ஒரு மணி நேரமாவது காற்றாடவிட்டபின் ஷூ போடுவது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளவேண்டியிருந்தது. ஓடும் தரையும் இங்கே வேறு. பாத்தி வரப்புகள் குறுகியவை, காலை ஈரத்தில் வழுக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரம் சரிந்திருப்பதால் ஒரே பக்கமாக நெடுநாள் ஓடினால் இடுப்பு பேசும், இருட்டில் அங்கே ஓடுவது கார்களை நம்பி உயிரை வைப்பது. கால்வாய்க் கரையின் மண்பாதைதான் நல்லது. மேடு என்று சொல்ல ஓரிடமும் இல்லாத இந்தச் சமவெளியில் மேட்டின் வேலையைச் செய்வது பிற்பகல் கடற்காற்று. அதை எதிர்த்துப் போய், முதுகில் வாங்கித் திரும்புவது வழக்கம். கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் வருவதற்குமுன் சாலையோரக் கிலோமீட்டர் கற்களே வேகத்தைச் சொல்லின.

விடியலில் இந்தச் சாலையில் ஓடும் இளைஞர்களில் பெரும்பாலோர் நெடுந்தொலைவுப் போட்டிக்காரர்கள் அல்லர், வேலைக்காக ஓடுகிறவர்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்கவேண்டும். ரயில்வே குரூப் டி தேர்வில் 1,000 மீட்டரை 4 நிமிடம் 15 வினாடியில் ஓடுவதோடு, 35 கிலோ சுமையை 100 மீட்டர் தூக்கிப் போகவேண்டும், அளத்து ஆட்களுக்கு இது வேடிக்கை. வனக்காப்பாளர் தேர்வில் 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டர் நடை. மூன்று மாதம் ஓடினால் இவற்றில் தேறலாம், தேறியவர் மறுநாள் முதல் ஓடுவதில்லை. போட்டி ஓட்டத்தின் வழியாக வேலைக்குப் போகும் பாதை வேறு: அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதற்குப் படிவச் சான்று வேண்டும், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் சாதித்தவருக்கு 'ஃபார்ம் 3', தேசியப் போட்டியில் மாநிலத்துக்காகச் சாதித்தவருக்கு 'ஃபார்ம் 2'. அந்த அளவுக்கு ஓட, வேலையில் இருப்பவருக்குக் கிடைக்கும் சோறும் தூக்கமும் வேண்டும், வேலை கிடைக்க அந்த அளவுக்கு ஓடவேண்டும். இந்த வட்டத்தை உடைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அதை உடைத்துக் கொடுத்தது ராணுவம். புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து போன கோ. லட்சுமணன் ராணுவத்தில் இருந்தபடியே 2017 புவனேஸ்வர் ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். மறு ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், தடத்தின் உள்விளிம்பைத் தாண்டிக் கால் வைத்ததாகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். அவருடைய ஓட்டங்களைக் கைப்பேசியில் பார்க்காத ஓட்டக்காரர் இந்தக் கரையில் இல்லை.

பெண்பிள்ளைகளின் கணக்கு இன்னும் இறுக்கமானது. ஆண்பிள்ளைக்கு விடியற்காலை ஓடக் கிடைக்கிறது. பெண்பிள்ளையின் விடியற்காலை, தாய் அளத்துக்குப் போய்விட்ட வீட்டில் சோறாக்கவும் தண்ணீர் பிடிக்கவும் போய்விடுகிறது. காவலர் தேர்வில் பெண்களுக்கு 400 மீட்டர்தான் என்பதால் அதற்குமேல் ஏன் ஓடவேண்டும் என்ற கேள்வியும் வீட்டில் வரும். இதை எழுதுபவர் இப்போது மாலை நான்கரைக்குக் கால்வாய்க் கரையில் கூட்டும் சிறு குழுவில் நான்கு பெண்பிள்ளைகள் ஓடுகிறார்கள்; வெயிலும் எதிர்க்காற்றும் கடுமையாக இருக்கும் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர் அல்லர், அவர்களுக்கு வாய்த்த ஒரே நேரம் அது.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழை கொட்டியது, கழுவெளி நிரம்பிப் பாத்திகளும் வரப்புகளும் ஒரே நீராகிக் கிடந்தன. மழைமாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு தரும் 5,000 ரூபாய் டிசம்பர் வரைக்குமானது. அந்த ஆண்டு நீர் வடிந்து மிதிப்புத் தொடங்க வழக்கத்தைவிட நெடுநாள் ஆயிற்று. நோட்டின் இடப்பக்கப் பத்தி ஜனவரி முழுதும் வெறுமையாக இருந்தது. ஆறு வாரம், அளத்துக்குப் போகத் தொடங்கியபின் முதன்முறையாக, ஓடுவதற்கு நல்ல குளிர்ந்த நாட்களில் கால்களுக்கு ஓட்டத்தைத் தவிர வேறு வேலை இல்லை. பொங்கலை ஒட்டிய 10 கிலோமீட்டர் சாலை ஓட்டத்தில், முப்பதாவது வயதில், அதற்குமுன் எந்த ஆண்டிலும் வராத நேரத்தில் அவர் ஓடி முடித்தார். பரிசுத்தொகை இரண்டாயிரம் ரூபாய். அந்த மாதம் வீட்டுக்கு வந்த வருமானமும் அதுவே.